ஆராய்ச்சிக்கு மாத்திரம்

ஆய்வுகூடங்களுக்கென விற்கப்படும் சில சின்னஞ்சிறு குப்பிகளுள் தெளிந்த நீர்போன்ற திரவம் சில துளிகளே இருக்கும். அவற்றின்மேல், “மனிதப் புரதம், பற்றீரியாவில் ஆக்கப்பெற்றது, ஆராய்ச்சிக்கு மாத்திரம்” என எழுதப்பட்டிருக்கும். மனிதனுக்குரிய புரதம் பற்றீரியாவில் விளைந்தது எங்ஙனம்? மருந்தாகாத பொருளால் மக்களுக்கு யாது பயன்? இவ்வாரம் இவ்வினாக்களை எடுத்துக்கொள்வோம்.

நம் உடற்கலம் ஒவ்வொன்றின் கருவினுள்ளும் டீ.என்.ஏ. என்னும் மூலச்சுவடி உளது. புரதமொன்று வேண்டப்படும்போது சுவடியின் அப்பகுதி மாத்திரம் பிரதி எடுக்கப்படுகின்றது. அப்பிரதியே ஆர்.என்.ஏ. ஆகும். அதில் வேண்டாத பகுதிகளும் கலந்திருக்கும். அவற்றை நீக்குதற்கும், எஞ்சியவற்றை இணைத்து உரிய இடம் சேர்த்தற்கும் துணைபுரிவன ஆர்.என்.ஏயைப் பற்றும் புரதங்கள்.

அவற்றுள் ஒன்று டீ.டீ.பீ.-43. இது 414 அமினோவமிலங்கள் கோத்த மாலை. எயிட்சு வைரசைப் பற்றிய ஆராய்ச்சியின்போது, 1995இல், டீ.என்.ஏயைப் பற்றும் புரதமாக இது முதலில் அறியப்பட்டது. ஆர்.என்.ஏயைப் பேணுதலே இதன் பெரும்பணியென்பது பின்னரே விளங்கிற்று. அச்சுக்கூடத்திற் பிழை திருத்துபவரைப்போல, பிரதியினுள் வேண்டாத துணுக்குகள் புகாதவாறு இது காக்கின்றது.

2006ஆம் ஆண்டில் இப்புரதத்தின் பெயர் மருத்துவ உலகெங்கும் பரவலாயிற்று. தசைகளை இயக்கும் நரம்புக் கலங்கள் ஒவ்வொன்றாய் நலிந்து, நடையும் பேச்சும் ஈற்றில் மூச்சும் ஒடுங்கும் கொடிய நோயொன்று உளது. பௌதிக அறிஞர் ஸ்டீபன் ஹோக்கிங்குக்கு 1963இல் கண்டறியப்பட்ட நோய் இதுவே. இந்நோயால் இறந்தோரின் நரம்புக் கலங்களை அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் ஆராய்ந்தபோது, அங்கே கட்டிகளாய்த் திரண்டிருந்தது டீ.டீ.பீ.-43 எனக் கண்டனர். கருவினுள் இருக்கவேண்டிய புரதம் வெளியே வந்து திரண்டுகிடந்தது. திருத்துபவர் ஆசனம் வெறுமையாயிற்று, வாயிலும் அடைபட்டது.

அது திரளும் காரணத்தை அறிய, உயிருள்ளவரின் மூளையிலிருந்து வேண்டியபோதெல்லாம் புரதத்தை எடுத்தல் இயலாது. இங்கேதான் பற்றீரியா உதவிக்கு வருகின்றது. வேற்றுயிரின் பரம்பரையலகைப் பற்றீரியாவினுட் புகுத்திப் பெருக்கும் முறை 1973இல் நிலைநாட்டப்பட்டது. அம்முறையாலே 1978இல் மனித இன்சுலின் ஆக்கப்பட்டு, 1982இல் மருந்தாக அங்கீகாரமும் பெற்றது. டீ.டீ.பீ.-43க்குரிய பரம்பரையலகையும் அவ்வாறே புகுத்திப் பற்றீரியாவைப் பெருக்கி, பின் அதனை உடைத்துப் புரதத்தைப் பிரித்தெடுக்கின்றனர்.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. நோயாளியின் கலத்தில் திரளும் புரதம் சோதனைக் குழாயிலும் திரளவே முயலும். ஆதலால் நீரில் நன்கு கரையும் வேறொரு புரதத்தைக் கொடிக்குக் கொழுகொம்புபோல் அதனுடன் இணைத்து வளர்ப்பர். ஆராய்ச்சி தொடங்கும் வேளையில் நொதியமொன்றாற் கொழுகொம்பை வெட்டிவிடுவர். உடனே தெளிந்த திரவம் மெல்லக் கலங்கும். அக்கலக்கத்தை அளந்து, எதனாற் கூடுகின்றது, எதனாற் குறைகின்றது என ஆராய்வர். இவ்வகை ஆய்வுகள் ஓர் அரிய செய்தியைத் தந்துள்ளன: தனக்குரிய ஆர்.என்.ஏயைப் பற்றிநிற்கும்போது இப்புரதம் திரளுவது குறைகின்றது. தன் கடமையிலே ஈடுபட்டிருப்பது எளிதிற் கெடுவதில்லை போலும்!

எனினும் குப்பியிலுள்ளது நோயாளியின் உடலிலுள்ளதன் நேர்ப்பிரதியன்று. நோயுற்ற கலத்தில் இப்புரதத்தின்மேற் பொசுபேற்றுக் கூறுகள் மிகுதியாக ஏறியிருக்கும். பற்றீரியாவில் விளைந்ததில் அவ்வாறு இராது. குழாயிற் கலக்கத்தைத் தடுத்த பொருள் எலியிற் பயனற்றுப் போகலாம். எலிக்கு உதவியது மனிதனுக்கு உதவாது போகலாம். இந்நோய் சிலருக்கு வேறொரு பரம்பரையலகின் பழுதால் வருகின்றதென்பது 1993இல் அறியப்பட்டது. அதற்கான மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றதோ 2023இல். முப்பதாண்டு உழைப்பின் பயன் நோயாளருள் நூற்றுக்கு இருவரளவினர்க்கே உரியது. டீ.டீ.பீ.-43ஐ நேரே சீராக்கும் மருந்தொன்று இன்னும் அங்கீகாரம் பெறவில்லை.

இதனை நாம் கூறுவது எவருடைய நம்பிக்கையையும் கெடுத்தற்கன்று. தீராத நோயாளியைப் பேணும் குடும்பத்தாருக்கு, “மருந்து கண்டுபிடிக்கப்பட்டது” என்ற ஒரு வரியே நித்திரையற்ற இரவுகளைத் தரும். நிலத்தை ஈடுவைக்கவும் தூண்டும். அத்தகைய செய்தியைப் படிக்கும்போது, “இது கண்டது குழாயிலா, விலங்கிலா, மனிதரிலா? மனிதரிலெனின், எத்தனை பேரில்?” என வினவுங்கள். வீட்டிலுள்ள மாணவர் இவ்வினாக்களைப் பெரியோருக்கு எடுத்துச் சொல்வாராயின், அவர் கற்ற விஞ்ஞானம் அன்றே பயன்தந்ததாகும்.

“ஆராய்ச்சிக்கு மாத்திரம்” என்னும் சொற்கள் வணிகரின் எச்சரிக்கையாயினும் நேர்மையான சொற்கள். அறிந்தது எவ்வளவு, அறியவேண்டியது எவ்வளவு என்பதை அவை மறைக்கவில்லை. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடக்கப் பொறுமையுள்ள இளைஞர் வேண்டும். நம் மாணவருள்ளும் அத்தகையோர் தோன்றுவாராக.