கம்பி யாருடையது?

யாழ்ப்பாணத்து வீடொன்றின் நிலையான தொலைபேசி இலக்கத்தை எடுத்துக்கொள்வோம். 021 என்பது ஊரின் குறி. அதற்கடுத்த இலக்கம் 2 ஆயின் ஸ்ரீலங்கா ரெலிக்கொம். 4 ஆயின் முன்னாள் சண்டெல். 5 ஆயின் லங்கா பெல். 7 ஆயின் டயலொக். ஒரு தெருவைக் கொம்பனிகள் பங்கிட்டுக்கொண்ட கதையை அந்த ஓர் இலக்கமே சொல்லிவிடும். இதனைத்தான் போட்டி என்கிறார்கள். போட்டி வந்தது, பொதுசனம் பிழைத்தது என்று ஒரு சாரார் எழுதி வருகின்றனர். எல்லாம் அரசாங்கத்தின் கையிலேயே இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று பெருமூச்செறிவோர் மறுசாரார். இரு சாராரோடும் நமக்கு வழக்குண்டு.

பின்னவருக்கு முதலிற் பதில் கூறுவோம். திணைக்களம் ஆண்ட காலத்தை நாம் மறக்கவில்லை. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தோம். செல்வாக்குள்ளவன் வீட்டில் மணி ஒலித்தது. வாத்தியார் வீட்டில் ஒலிக்கவில்லை. அரசுடைமை வேறு, மக்களுடைமை வேறு என்பதை நமக்குக் கற்பித்த பள்ளிக்கூடங்களுள் அத்திணைக்களமும் ஒன்று.

ஆனால் அதற்கு மருந்தென்று நமக்குத் தரப்பட்டது யாது? 1991 இல் திணைக்களம் கூட்டுத்தாபனமாயிற்று; 1996 இல் கொம்பனியாயிற்று. 1997 இல் அதன் 35 சதவீதப் பங்கு ஜப்பானிய என்.ரி.ரி. நிறுவனத்துக்கு 225 மில்லியன் டொலருக்கு விற்கப்பட்டது. ஊழியருக்குக் கிடைத்தது 3.5 சதவீதம். பெரும்பங்கு அரசிடம் இருந்தும் ஐந்தாண்டு நிர்வாகம் ஜப்பானியரிடம்; வெளிநாட்டு அழைப்புகளின் ஏகபோகமும் 2002 ஆகஸ்ட் வரை கொம்பனிக்கே! ஏகபோகத்தை ஒழிக்க வந்த சீர்திருத்தம் இலாபம் கொழித்த ஏகபோகத்தை மட்டும் பத்திரமாகப் பொதிந்து வைத்தமை விசித்திரமன்றோ? 2008 இல் ஜப்பானியர் தமது பங்கை மலேசிய மூலதனத்துக்குக் கைமாற்றிச் சென்றனர். திறைசேரியிடம் எஞ்சியது 49.5 சதவீதம், பாதிக்கு அரைச் சதவீதம் குறைவு. இதை அரச நிறுவனம் என்பதா, தனியார் நிறுவனம் என்பதா? தொழிலாளி கேட்டால் அது கொம்பனி; வாடிக்கையாளன் கேட்டாலும் கொம்பனி; வரவுசெலவுத் திட்டத்தின் துண்டு விழுந்தால் மாத்திரம் அது அரச சொத்து.

1996 இல் உரிமம் பெற்ற சண்டெலும் லங்கா பெல்லும் வீட்டுக்கு வீடு செம்புக் கம்பி புதைக்கவில்லை. வானலை வழியே இணைப்புக் கொடுத்தன. கம்பியின்றிப் பேச முடிந்ததைக் குறைகூறோம். போரினாற் கம்பமும் கம்பியும் அழிந்த வடக்கில் சீ.டி.எம்.ஏ. தொலைபேசி பல குடும்பங்களுக்கு உறவினரின் குரலைக் கொணர்ந்து தந்தது. ஆயினும் இணையம் வந்தபோது உண்மை வெளிப்பட்டது. பேச்சுக்குப் போதிய வானலை, விரைவான இணையத்துக்குப் போதவில்லை. பரிவர்த்தனை நிலையத்திலிருந்து வாசற்படி வரை செல்லும் அந்தக் கடைசிக் கம்பி எவனிடமோ, அவனே எசமான். தலைமுறை தலைமுறையாக நமது வரிப்பணத்தாற் புதைக்கப்பட்ட அந்தக் கம்பி, பங்கு விற்பனையோடு சத்தமின்றிக் கொம்பனியின் சொத்தாயிற்று. நாம் கேட்கும் கேள்வி இதுவே: தெருவை விற்றுவிட்டு, வண்டிக்காரரிடையே போட்டி நடத்துவது என்ன நியாயம்?

முதலாளித்துவத்தின் தாய்வீடாகிய இங்கிலாந்திலேயே இக்கேள்வி எழுந்தது. 2006 இல் ஓப்பன்ரீச் என்ற பிரிவை பீ.ரீ. நிறுவனத்துக்குள் தனித்து இயங்க வைத்து, வீட்டுக்குச் செல்லும் கம்பியை எல்லாக் கொம்பனிகளுக்கும் ஒரே விதியில் வாடகைக்கு விடச் செய்தனர். அவர்களைச் சோசலிசவாதிகள் என்று எவரும் குற்றஞ்சாட்டவில்லை.

கிராமங்களின் நிலை யாது? 2003 முதல், வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகள் மீது தொலைத்தொடர்பு அபிவிருத்தியின் பேரில் ஒரு கட்டணம் அறவிடப்பட்டது. கிராமங்களுக்கு இணைப்புக் கொண்டுசெல்வதே நோக்கமெனப்பட்டது. குவைத்தில் பாத்திரம் கழுவிய பெண் தன் பிள்ளையின் குரலைக் கேட்க எடுத்த அழைப்பும் இக்கட்டணத்துக்குத் தப்பவில்லை. அப்பணத்தால் எத்தனை லயங்களுக்குக் கம்பி சென்றது? 2021 இல், பாடசாலைகள் மூடப்பட்ட கொரோனாக் காலத்தில், ஊவாவின் போஹிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் பாடங்களைப் பெறுவதற்காகக் காட்டுவழியே நடந்து மலைப்பாறையில் ஏறினர். ஆசிரியரும் அவர்களோடு ஏறினார். கொழும்பில் ஒரே வீட்டு வாசலுக்கு இரண்டு கொம்பனிகளின் விற்பனையாளர் வந்துகொண்டிருந்த காலமது.

2023 இல் அரசு தன் 49.5 சதவீதத்தையும் விற்கப் புறப்பட்டது. 2024 இல் இந்தியாவின் ஜியோ உட்பட இருவர் தகுதி பெற்றனர். பாராளுமன்றக் குழுவொன்று தேசிய பாதுகாப்புக்கு ஆபத்து என்றது. பாதுகாப்பென்ற சொல்லை வடகிழக்கில் வாழ்வோர் நன்கறிவர். 2007 இல் யாழ்ப்பாணத்தின் கைத்தொலைபேசிகள் மௌனமானதும் அச்சொல்லின் பேரிலேதான். எனவே விற்பனையை நாம் எதிர்த்த காரணம் வேறு. ஆட்சி மாறி விற்பனை கைவிடப்பட்டதும் வெற்றி வெற்றி என்று கோஷமிட்டோர், கைவிடப்பட்டது விற்பனை மட்டுமே என்பதைக் கவனிக்கவில்லை. கொம்பனியின் நடத்தையில் ஒரு வரியேனும் மாற்ற எவரும் கோரவில்லை.

நாம் கோருகிறோம். நிலத்தடிக் கம்பியும் ஒளியிழையும் கணக்கிலும் நிர்வாகத்திலும் தனியாகப் பிரிக்கப்படட்டும். டயலொக்கோ வேறெவரோ, கேட்பவருக்கெல்லாம் ஒரே வாடகை. அவ்வாடகையைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பகிரங்க விசாரணை நடத்தி நிர்ணயிக்கட்டும். அபிவிருத்திக் கட்டணமாக அறவிட்ட பணம் எந்தத் தோட்டத்துக்கு, எந்த ஆண்டில், எவ்வளவு சென்றது என்ற கணக்கு மூன்று மொழிகளிலும் அச்சாகட்டும். அக்கணக்கு வெளிவருமாயின் அதை இவ்விதழில் முழுமையாக மறுபிரசுரம் செய்ய நாம் ஆயத்தம். பக்கங்களை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.