சுருக்குதலும் காத்தலும்

வீட்டுக் கணினியில் இடம் குறையுங்கால், பழைய கோப்புறைகளைச் சுருக்கி ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி வைப்பது இன்று பரவலான வழக்கமாகும். மழையளவுப் பதிவுகளையும், பயிர்க் குறிப்புகளையும், மதிப்பெண் பட்டியல்களையும் களப்பணியாளரும் ஆசிரியரும் இவ்வாறே கட்டி வைக்கின்றனர். வழக்கம் நல்லதே. ஆயினும், கட்டியவுடன் மூலத்தை அழித்துவிடும் பழக்கம் கைவிடத்தக்கது. சுருக்குதல் வேறு, காத்தல் வேறு என்பதை உணர்தல் அவசியம்.

சுருக்குதலின் தத்துவம் எளியது. மழையளவுப் பட்டியலில் வறண்ட மாதங்களுக்கு வரிதோறும் பூஜ்யமே வரும். லெம்பெல், ஜிவ் என்னும் அறிஞர் இருவர் 1977-இல் வெளியிட்ட முறைப்படி, மீண்டும் வரும் தொடர் திரும்ப எழுதப்படுவதில்லை. எவ்வளவு பின்னோக்கிச் சென்று எத்தனை எழுத்துகளை எடுத்துக்கொள்வது என்ற குறிப்பே எழுதப்படும். ஹஃப்மன் 1952-இல் வகுத்த முறைப்படி, அடிக்கடி வருவனவற்றிற்குக் குறுகிய குறியீடும், அரியனவற்றிற்கு நீண்ட குறியீடும் அமையும். இவ்விரண்டையும் இணைத்த முறையே ஜிப் கோப்புகளில் பெரும்பாலும் கையாளப்படுகிறது. விரிக்கும்போது ஓர் எழுத்தும் குறையாமல் மூலம் மீளும்.

ஆனால், இச்சிக்கனத்திற்கு ஒரு விலை உண்டு. சாதாரண எழுத்துக் கோப்பில் ஓரிடம் பழுதுற்றால் ஓர் எழுத்தே பிழைபடும், மற்றவற்றைப் படித்துக்கொள்ளலாம். சுருக்கிய கோப்பிலோ பின்வருவன முன்வந்தவற்றைச் சார்ந்திருப்பதால், ஒரு சிறு பழுது அதன்பின் உள்ள அனைத்தையும் குலைத்துவிடக்கூடும். மேலும், ஜிப் கட்டின் உள்ளடக்கப் பட்டியல் அதன் இறுதியில் உள்ளது. நகலெடுத்து முடியுமுன் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டால், பட்டியலின்றிக் கட்டு முழுவதுமே திறக்க மறுக்கலாம். ஒவ்வொரு கோப்புக்கும் உள்ளே ஒரு சரிபார்ப்பு எண் உண்டென்பது உண்மையே. அது பழுதைக் காட்டுமேயன்றித் திருத்தாது.

மூலத்தையும் வைத்திருக்க இடமேது என்று சிலர் வினவலாம். இவ்வினாவில் ஒரு தவறான எண்ணம் அடங்கியுள்ளது. கணினியின் இடத்தைப் பெரிதும் நிரப்புவன புகைப்படங்களும் காணொளிகளுமே. அவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. மீண்டும் சுருக்குவதால் மிச்சமாவது சொற்பம். நன்கு சுருங்குவன எழுத்துக் கோப்புகளே. அவையோ முதலிலிருந்தே சிறிய இடத்தில் அடங்குவன. ஆதலின், பதிவேடுகளின் மூலத்தை அழிப்பதால் வரும் லாபம் அற்பம்; நஷ்டமோ ஈடுசெய்ய முடியாதது.

எனவே, பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளுதல் நலம். ஆண்டுக்கொரு கட்டாகச் செய்து, ஆண்டும் பொருளும் விளங்கப் பெயரிடுக. கட்டியதும் வேறொரு கோப்புறையில் விரித்து, சில கோப்புகளைத் திறந்து பார்க்க. ஒரு பிரதியைக் கணினியிலும் மற்றொன்றை வேறோர் இடத்திலும் வைக்க. கடவுச்சொல் இட்டால் அதனைத் தனியே எழுதி வைக்க. அதை மறந்தவர்க்குக் கட்டு பெரும்பாலும் திறவாது. ஆண்டுக்கொரு முறையேனும் பழைய கட்டுகளைத் திறந்து சோதிக்க.

இவற்றிற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. தொலைந்த பாடக்குறிப்பை மீண்டும் எழுதலாம். சென்ற ஆண்டு பெய்த மழையை மீண்டும் அளக்க எவராலும் இயலாது.