துருவைத் துடையுங்கள், எழுத்தை அழிக்காதீர்கள்

சித்தூர் வட்டத்தில் என் நண்பரின் குடும்பத்திடம் பழைய ரிவால்வர் ஒன்று இருக்கிறது. அதைச் சக்கரத்தில் மெருகிட்டு, நிக்கல் முலாம் பூசி, .32 தோட்டா சுடும்படி மாற்றியமைக்கப் போகிறார்கள் என்று அறிந்து, அது கூடாது என்று சென்ற வாரம் இங்கே நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த மறுப்புகளுக்கு நான்கு வரியில் விடை சொல்ல இயலாது. மறுத்தவர்களுள் வரலாற்று ஆய்வாளர்களும் இருக்கிறார்கள் என்பதே இந்த நீண்ட பதிவுக்குக் காரணம்.

முதலில், "மொழியியல் படித்த உங்களுக்குத் துப்பாக்கியில் என்ன வேலை?" என்ற கேள்வி. எனக்கு ஆயுதங்கள்மீது மோகம் கிடையாது; சுடவும் தெரியாது. ஆனால் அந்த இரும்பின்மேல் எழுத்துகள் இருக்கின்றன. செய்தவர் பெயர், விற்றவர் பெயர், வரிசை எண், சோதித்தவர் முத்திரை ஆகிய நான்கும் வெவ்வேறு கைகளால் வெவ்வேறு நாள்களில் பொறிக்கப்பட்டவை. ஒரு நடுகல்லில் இவ்வளவு எழுத்து இருந்திருந்தால் நாம் மைப்படி எடுக்க ஓடியிருப்போம். பொருள் துப்பாக்கி என்பதாலேயே அதன் எழுத்து எழுத்தில்லாமல் போய்விடுமா?

நம் துறையினர் இந்தப் பொருளை எவ்வளவு அலட்சியமாகப் படிக்கிறார்கள் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன், திருவிதாங்கூரின் புனலூரில் வனத்துறையில் பணிபுரிந்தவர். அவர் கையிலிருந்தது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரவுனிங் தானியங்கிப் பிஸ்டல். அதில் சுழலும் உருளை கிடையாது. தோட்டாக்கள் கைப்பிடிக்குள் அடுக்காக ஏறும். ஆயினும் மேடைப் பேச்சிலும் கருத்தரங்கிலும் அதை "ரிவால்வர்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒருவரும் திருத்துவதில்லை. சுழலும் உருளை உள்ளதுதான் ரிவால்வர். அந்த வேறுபாட்டைக் கவனியாதவர், அது எங்கே செய்யப்பட்டது, எந்த வழியாக வந்தது என்ற அடுத்த கேள்விக்குப் போகவே முடியாது.

இனிக் காலக்கணிப்பு. நண்பரின் வீட்டில் வழங்கும் கதை இது: மூணாற்றில் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கிய காலத்தில், ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் கொள்ளுத்தாத்தாவுக்கு அன்பளிப்பாகத் தந்தது. கண்ணன் தேவன் கம்பெனி உருவான 1897-ஐ ஒட்டியது என்று பெரியப்பா உறுதியாகச் சொல்கிறார். பெரியப்பாவே அதை எடுத்துக் காட்ட, உருப்பெருக்கிக் கண்ணாடியில் நான் படித்தது வேறு. பர்மிங்ஹாமின் வெப்லி நிறுவனம் 1897 வரை "பி. வெப்லி அண்ட் சன்", 1897 முதல் 1906 வரை "வெப்லி அண்ட் ஸ்காட் ரிவால்வர் அண்ட் ஆர்ம்ஸ் கம்பெனி", 1906-க்குப் பின்னரே "வெப்லி அண்ட் ஸ்காட் லிமிடெட்". இந்தத் துப்பாக்கியில் இருப்பது மூன்றாவது பெயர். மெய்க்கீர்த்தியில் மன்னனின் பட்டத்தைக் கொண்டு ஆட்சியாண்டை நெருங்குவதைப் போன்றதே இந்த முறை. பர்மிங்ஹாம் சோதனை மனை 1921 முதல் ஆண்டைக் குறிக்கும் எழுத்து ஒன்றைத் தன் முத்திரையோடு இடத் தொடங்கியது. அந்த எழுத்தும் இதில் இருக்கிறது. ஆகவே 1921-க்கு முன்னால் போக வழியில்லை. குழலின் மேற்பட்டையில், தேய்ந்த நிலையில், சென்னை வணிக நிறுவனம் ஒன்றின் பெயர் தெரிகிறது. ஓக்ஸ் கம்பெனி, பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற சென்னைக் கடைகள் தாம் விற்ற துப்பாக்கிகளில் தம் பெயரைப் பொறித்த காலம் அது.

காப்புரிமை ஆண்டைப் பார்த்துச் செய்த ஆண்டு என்று முடிவுகட்டுவது இந்தத் துறையின் நிரந்தரப் பிழை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்கு லட்சக்கணக்கில் அனுப்பப்பட்ட ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .38 ரிவால்வர்களின் குழலில் காணப்படும் கடைசித் தேதி 1914 டிசம்பர் 29. அது காப்புரிமைத் தேதி. 'வி' என்ற எழுத்தோடு தொடங்கும் வரிசை எண்ணைப் பார்த்தால்தான் போர்க்காலத் தயாரிப்பு என்பது விளங்கும். ஒரு நூல் மேற்கோள் காட்டும் கடைசி நூலின் காலம், அந்நூலுக்கு முன்னெல்லை மட்டுமே. இதை முதலாண்டு மாணவருக்குக் கற்பிக்கும் நாம், இரும்பைக் கண்டதும் மறந்துவிடுகிறோம்.

துரையின் அன்பளிப்பு என்ற கதை நலிந்தது; அதனால் குடும்பத்துக்கு என்ன நட்டம்? என் பார்வையில் ஆதாயமே. அன்று சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. பக்கத்திலிருந்த பாலக்காடு, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். மூணாறும் தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூர். 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாக இணையும்வரை இந்த எல்லைப்புறத் தமிழர் மூன்று அரசுகளின் நிழலில் வாழ்ந்தவர்கள். கொச்சி அரசரின் குடியான ஒரு தமிழ் நிலக்கிழார், பிரிட்டிஷ் சென்னையில் விற்ற ரிவால்வருக்கு எந்த அரசின் உரிமத்தோடு, யார் பரிந்துரையில் உடைமையாளர் ஆனார்? 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியரின் கையிலிருந்த துப்பாக்கியை உரிமத்தால் கட்டுப்படுத்திய காலத்தில் இது சிறிய செய்தியன்று. துரை தந்தார் என்ற கதையில் கொள்ளுத்தாத்தா கைநீட்டி வாங்கியவர். எழுத்துகள் காட்டும் கதையில் அவர் தாமே தேடி அடைந்தவராக இருக்கலாம். அந்த வாய்ப்பை நமக்குத் திறந்து தருவது மேற்பட்டையில் நூலிழை ஆழத்தில் நிற்கும் ஒரு கடைப்பெயர். மெருகுச் சக்கரத்துக்கு அதை அழிக்கச் சில நிமிடம் போதும்.

அந்த வீட்டில் பேசுவது தமிழ். ஆனால் ரிவால்வரைத் "தோக்கு" என்றும் தோட்டாவைத் "திர" என்றும் மலையாளத்தில் சொல்கிறார்கள். அதன் சுத்தியலை மட்டும் பாட்டி "குதிரை" என்று பழந்தமிழ் வழக்கில் சொல்கிறார். துருக்கிய மூலத்தைக் கொண்ட "துப்பாக்கி" அங்கே வழங்கவில்லை. எந்தச் சொல் எந்த அரசின் அலுவலகத்தோடு வந்தது என்பதும் என் ஆய்வுக்குரிய கேள்வியே. சொல்லும் பொருளும் ஒன்றையொன்று சாட்சி சொல்ல, பொருள் மாறாமல் இருக்க வேண்டும்.

மறுப்புகளுக்கு வருகிறேன்.

முதல் மறுப்பு: "அவர்கள் பொருள், அவர்கள் விருப்பம்." சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5-ஆம் பிரிவில், துப்பாக்கியை மாற்றியமைப்பதையும் பழுதுபார்ப்பதையும் தொழிலாகச் செய்பவர் அதற்கென உரிமம் பெற வேண்டும் என்கிறது. 8-ஆம் பிரிவு இன்னும் நேரடியானது. துப்பாக்கியில் பொறித்த பெயரையோ எண்ணையோ வேறு அடையாளக் குறியையோ அழிப்பதும் திருத்துவதும் குற்றம். அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்தார் என்று, மாறாக நிறுவப்படும்வரை, சட்டம் அனுமானிக்கும். மெருகுபோடும் பட்டறைக்காரர் போய்விடுவார். விளக்கம் சொல்ல நிற்க வேண்டியவர் பெரியப்பா. மேலும், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தொல்பொருள் என்கிறது. 1920-களின் துப்பாக்கிகள் இப்போதுதான் ஒவ்வொன்றாய் அந்த வயதை எட்டுகின்றன. நூறாண்டு பொறுத்திருந்த பொருளை வாசற்படியில் வைத்து அழிப்பது என்ன அவசரம்?

இரண்டாம் மறுப்பு: "பயன்படாத பொருளைப் பயன்படச் செய்வதே அதற்கு மரியாதை." இந்த ரிவால்வர் .38. இந்த வகைத் தோட்டாவைச் சுடும் கைத்துப்பாக்கிகளை நம் விதிகள் தனிக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கின்றன; ஆகவே உருளைக்கும் குழலுக்கும் உள்ளுறை செருகி .32 ஆக்கித் தருவதாகப் பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார். இப்படிப்பட்ட மாற்றங்களின் வரலாறு ஊக்கம் தருவதாயில்லை. நான் மேலே சொன்ன போர்க்கால ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்கள் பலவற்றின் அறைகளை, போருக்குப் பின், நீண்ட '.38 ஸ்பெஷல்' தோட்டா ஏறும்படி குடைந்தார்கள். பழைய தோட்டாவின் உறை ஏறத்தாழ 9.8 மில்லிமீட்டர் அகலம், புதியது 9.6. முன்பக்கத்தைக் குடையலாம், பின்பக்கத்து அகலத்தைக் குறைக்க முடியாது. சுட்டால் உறை உப்பும், சிலவேளை பிளக்கும். அமெரிக்காவில் .455 வெப்லிகளின் உருளையைப் பின்புறம் சீவி .45 தானியங்கித் தோட்டாவை இட்டார்கள். அத்தோட்டாவின் அழுத்தம் அந்த இரும்புக்கு வகுத்த வரம்பைத் தாண்டியது. சோதனை மனையின் முத்திரை ஓர் உறுதிமொழி: இந்த உருவில், இந்தத் தோட்டாவோடு சோதித்தோம் என்பதே அதன் பொருள். உருவை மாற்றியபின் அந்த முத்திரை பொய்ச்சாட்சி. சுட ஒரு ரிவால்வர் வேண்டுமென்றால், கான்பூர்ப் படைக்கலத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் உரிமமுள்ள குடிமக்களுக்கு விற்கப்படுகிறது. அதுவும் வெப்லியின் வழிவந்த வடிவமே.

மூன்றாம் மறுப்பு என் மதிப்புக்குரிய ஆய்வாளர் ஒருவருடையது; கனமானது. "மாற்றமும் வரலாறுதானே? மாறாத பொருள் எது?" என்று கேட்கிறார். உண்மை. 1938-இல் பிரிட்டிஷ் ராணுவம் தன் என்ஃபீல்டு ரிவால்வரின் சுத்தியலில் விரல் வைக்கும் கொம்பை நீக்கியது. பீரங்கி வண்டிக்குள் இருக்கும் வீரருக்கு அது எங்கும் மாட்டிக்கொள்ளாதிருக்க வேண்டும் என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. பழையவற்றையும் அவ்வாறே மாற்றினார்கள். அந்த மாற்றத்துக்குப் பெயர்க்குறி உண்டு, ஆண்டு உண்டு, காரணம் உண்டு. பொருளைப் பார்த்தே மாற்றத்தைப் படிக்கலாம். நான் எதிர்ப்பது தன்னைத் தானே மறைத்துக்கொள்ளும் மாற்றத்தை. வெப்லியின் முதல் படைத்துறை ரிவால்வர் ஏற்கப்பட்ட அதே 1887-இல்தான் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். சுவடிதோறும் பாடம் மாறியபோது அவர் ஒன்றைத் தேர்ந்தார். மற்றப் பாடங்களையும் குறித்துவைத்தார். தேர்ந்த பாடத்தை அச்சிட்டுவிட்டு ஏடுகளை அடுப்பில் போட்டிருந்தால் அவரை நாம் பதிப்பாசிரியர் என்போமா?

ஆகவே என் நிலைப்பாடு "தொடவே கூடாது" என்பதன்று. துருவை எண்ணெயும் மென்துணியும் கொண்டு நிறுத்தலாம், நிறுத்தவே வேண்டும். உடைந்த கைப்பிடிப் பலகையை உரிமம் பெற்றவரிடம் மாற்றலாம். பழையதை உறையிலிட்டு வைக்க வேண்டும். திரும்பப் பெறக்கூடிய மாற்றம், பெற இயலாத மாற்றம் என்ற ஒரே கோடுதான் எல்லை. குடைதல், சீவுதல், மெருகுச் சக்கரம், முலாம் ஆகியவை அந்தக் கோட்டுக்கு அப்பால் உள்ளவை. எதைச் செய்வதாயினும், அதற்குமுன் சாய்ந்த ஒளியில் ஒவ்வொரு குறியையும் படமெடுத்து, பழைய உரிமப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் படியெடுத்து, வீட்டுப் பெரியவர் சொல்லும் கதையை அவர் சொற்களிலேயே பதிவுசெய்ய வேண்டும். கதை பிழையாக இருந்தாலும் பதிவுசெய்ய வேண்டும். அது ஏன் அப்படிப் பிறந்தது என்பதே நாளைய ஆய்வு.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு, குறிப்பாகக் கொழிஞ்சாம்பாறை, மறையூர், வண்டிப்பெரியாறு பக்கத்தவர்களுக்கு: உங்கள் உறவினர் வீடுகளில் இப்படி ஒன்று உரிமத்தோடு இருந்தால், உரியவர் இசைவோடும் அவர் முன்னிலையிலும் குறிகளைப் பதிவுசெய்யுங்கள். யாரிடம் இருக்கிறது என்பதைப் பொதுவெளியில் எழுதாதீர்கள். வரிசை எண் தெரியும் படத்தை இங்கே இடாதீர்கள். உரிமமில்லாத துப்பாக்கி என்றால் அது காவல்நிலையத்துக்குரிய செய்தி. ஆய்வு என்ற பெயரில் அதைக் கையிலெடுக்கக் கூடாது.

பெரியப்பா ஒரு மாதம் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். துரை கதை போனதில் அவருக்கு வருத்தம் இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை. வரும் ஞாயிறு படக்கருவியோடு சித்தூர் போகிறேன். பழைய உரிமப் புத்தகம் எந்த அரசின் முத்திரையோடு தொடங்குகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கப் போகிறேன். மறுப்புள்ளவர்கள் எழுதுங்கள், சான்றோடு எழுதினால் திருத்திக்கொள்கிறேன்.