சைரனுக்கு விலக்கு இருக்கு, ஏற்காடு மலைப்பாதையில வழி இருக்கா?



அவசரத்துல போற ஆம்புலன்ஸ் சிவப்பு சிக்னலைத் தாண்டலாம், வேக வரம்பை மீறலாம். 2017 மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளே அனுமதி தருது. சைரனும் விளக்கும் ஓடணும், கவனமா ஓட்டணும், அவ்வளவுதான்.

ஆனா சேலம் - ஏற்காடு சாலையில 20 கொண்டை ஊசி வளைவு. அங்க தாண்டுறதுக்கு சிக்னலும் இல்ல, வேகமா போகவும் முடியாது. எதிர்ல வர்ற வண்டி ஒதுங்கினாதான் 108க்கு வழி.

மலைப்பாதையில ஏறுற வண்டிக்குத்தான் முன்னுரிமை. விதியும் அதுதான். ஆனா நோயாளியோட 108 சேலம் ஜி.ஹெச்சுக்கு கீழ இறங்கி வரும்! சைரன் கேட்டா ஏறுறவங்கதான் வளைவுக்கு முன்னாடியே ஓரம் கட்டணும். வழி விடலைன்னா மோட்டார் வாகனச் சட்டம் 194இ பிரிவுல 10,000 ரூபாய் அபராதம், 6 மாசம் வரை சிறை, இல்ல ரெண்டுமே.

மலைக் கிராமத்துல இருந்து ஜீப்புலயும் பிக்கப்புலயும் நோயாளியைக் கொண்டு வர்றவங்களுக்கு இந்த விலக்கு எதுவும் கிடையாது. அவங்களுக்கு நாம விடுற வழி மட்டும்தான்.

அரசுக்கு நம்ம கோரிக்கை: கோடை விழா நாட்கள்ல மேல இருந்து 108 கிளம்பினதுமே அடிவாரத்துல ஏறுற வண்டிகளை நிறுத்தி வைக்கணும். அதுக்கு மேலயும் கீழயும் வயர்லெஸோட போலீஸ் போடுங்க. புது ரோடு, பெரிய நிதி எதுவும் கேக்கல.

ஏற்காடு கிளம்புற நண்பர்களுக்கு இதைப் பகிருங்க தோழர்களே!

#ஏற்காடு #108க்கு_வழிவிடு