கேஸ் டிரபிளா, பித்தப்பைக் கல்லா?

வயிறு வலிக்கிறது என்றால் நம் ஊரில் முதலில் வரும் தீர்ப்பு 'கேஸ் டிரபிள்'. ஒரு சோடா, கொஞ்சம் ஓமத் தண்ணீர், மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை. வலி விட்டதும் அதை மறந்துவிடுவார்கள். அந்த வலி பித்தப்பைக் கல்லாகவும் இருக்கலாம் என்று நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

மணிமங்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரியும் வயலுமாக இருந்த ஊர். இன்று ஒரு பக்கம் ஒரகடம், இன்னொரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர். சுற்றிலும் தொழிற்சாலைகள். காலை ஷிஃப்டுக்குப் போகிறவர் விடியும் முன்பே ஒரு டீயோடு கம்பெனி பஸ் ஏறுகிறார். நைட் ஷிஃப்ட் முடித்தவர் சாப்பிடாமலே படுத்துவிடுகிறார். இந்தப் பட்டினிக்கும் பித்தப்பைக்கும் சம்பந்தம் உண்டு.

கல் எப்படி உண்டாகிறது?

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். அதைச் சேர்த்து வைக்கும் சின்னப் பைதான் பித்தப்பை. நாம் சாப்பிட்டால், அதுவும் கொஞ்சம் கொழுப்போடு சாப்பிட்டால், பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்கு அனுப்பும். நெடுநேரம் சாப்பிடாவிட்டால் பை சுருங்காது. உள்ளே தேங்கிய பித்தநீர் கெட்டிப்பட்டு, நாளடைவில் கல்லாகலாம். உடல் பருமன், சர்க்கரை நோய், கர்ப்பம், பரம்பரை ஆகியவையும் காரணங்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும்.

இந்திய ரயில்வே ஊழியர்களைப் பற்றி 1968-இல் ஓர் ஆய்வு வெளியானது. தென்னிந்தியரைவிட வட இந்தியருக்கு ஏழு மடங்கு அதிகமாக இந்த நோய் இருந்ததாக அது சொன்னது. அதற்காக 'இது வடக்கத்தி நோய்' என்று நாம் நிம்மதியாக இருக்க முடியாது. வடக்கே பெரும்பாலும் கொலஸ்டிரால் கற்கள். தெற்கே பித்தத்தின் நிறமிப் பொருள் சேர்ந்த கற்களும் நிறைய. ஆகவே எண்ணெய்ப் பலகாரம் தொடாதவருக்கும் கல் வரலாம்.

வாழைத்தண்டு கரைக்குமா?

கரைக்காது. பலர் சிறுநீரகக் கல்லையும் பித்தப்பைக் கல்லையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். வாழைத்தண்டுச் சாறோ, குடம் குடமாகத் தண்ணீரோ பித்தப்பைக் கல்லை வெளியேற்றாது. அந்தப் பாதையே வேறு.

ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் பச்சை உருண்டைகளாகக் கல் வெளியே வரும் என்று இன்னொரு வைத்தியம் சொல்கிறார்கள். அப்படி வெளிவந்த உருண்டைகளைச் சோதித்துப் பார்த்த விவரம் 2005-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. அவை கல்லே அல்ல! குடித்த எண்ணெயும் சாறும் வயிற்றுக்குள் சேர்ந்து உண்டான சோப்புக் கட்டிகள்.

எப்போது பயப்பட வேண்டும்?

ஸ்கேனில் கல் தெரிந்தாலே ஆபரேஷன் என்று பதற வேண்டாம். பெரும்பாலானோருக்கு அது எந்தத் தொல்லையும் தராமல் அப்படியே இருந்துவிடும். ஆனால் சாப்பிட்ட பிறகோ நடு இரவிலோ மேல் வயிற்றில் அல்லது வலது விலாவுக்குக் கீழே வலி வந்து, அரை மணி நேரத்துக்கு மேல் நின்று, முதுகுக்கோ வலது தோளுக்கோ பரவினால் ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அவசியம். வலியோடு குளிர்காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ சேர்ந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கல் நழுவிக் குழாயை அடைத்தால் கணையம்கூட வீங்கி உயிருக்கு ஆபத்தாகும்.

தொல்லை தரும் கல்லுக்குப் பித்தப்பையை எடுப்பதே வழக்கமான சிகிச்சை. அது சேமிக்கும் பை மட்டுமே என்பதால், அது இல்லாமலும் நன்றாக வாழலாம். லேப்ராஸ்கோப்பி முறையில் இதைச் செய்வது இந்தியாவில் 1990-இல் மும்பையில் தொடங்கியது. இன்று சர்வ சாதாரணம். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் செலவுக்குப் பயந்து வலியோடு இருக்கத் தேவையில்லை.

தடுப்பது யார் பொறுப்பு?

நேரத்துக்குச் சாப்பிடுவது, நார்ச்சத்துள்ள உணவு, உடற்பயிற்சி, எடையைத் திடீரென்று குறைக்காமல் படிப்படியாகக் குறைப்பது. இவை கல் வரும் வாய்ப்பைக் குறைக்கும். பட்டினி கிடந்து இளைப்பதே கல்லை வரவழைக்கும் என்பதைக் கல்லூரி நண்பர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் 'நேரத்துக்குச் சாப்பிடு' என்று தொழிலாளிக்கு மட்டும் புத்தி சொல்வது நியாயமில்லை. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும், 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. ஹெல்மெட்டும் ஷூவும் கொடுப்பது பாதுகாப்பு என்றால், ஷிஃப்ட் தொடங்கும் முன் நாலு இட்லி கொடுப்பதும் பாதுகாப்புதான். வருடாந்திரப் பரிசோதனையில் 'சாப்பிட்ட பிறகு வலி வருகிறதா?' என்று ஒரு கேள்வி கேட்பதற்குச் செலவே இல்லை.

அடுத்த முறை வீட்டில் யாராவது 'கேஸ்' என்று நெஞ்சைத் தடவினால், இது எத்தனையாவது தடவை என்று கேளுங்கள். இரண்டாவது, மூன்றாவது என்றால் சோடா வேண்டாம், டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நெஞ்சுவலி மாரடைப்பாகவும் இருக்கலாம் என்பதால் வியர்வையோ மூச்சுத்திணறலோ இருந்தால் முதல் தடவையிலேயே 108-ஐ அழையுங்கள்.