வீட்டிற்கும் உண்டு நட்சத்திரம்

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் பிள்ளைகள் ஊரில் வீடு கட்டத் தொடங்கும்போது நம் குடும்பங்களில் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகையானவை. எத்தனை அறைகள், தரைக்கு மார்பிளா கிரானைட்டா, முகப்பு எப்படி இருக்கும்? சித்திரை மாதப் பிற்பகலில் அந்த வீடு எவ்வளவு கொதிக்கும், அதைக் குளிர்விக்க எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகும் என்று கேட்போர் அரிது. பணம் அனுப்பும் மகன் அபுதாபியில் இருக்கிறார். பகல் முழுவதும் அந்தக் கொதிப்பிற்குள் இருப்பவர்கள் உம்மாவும், முதியோரும், கைக்குழந்தைகளும்தாம்.

ஏ.சி.யின் மீதும் ஃபிரிட்ஜின் மீதும் ஒட்டப்பட்டுள்ள நட்சத்திரங்களை நாம் அனைவரும் அறிவோம். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2006-ஆம் ஆண்டு தொடங்கிய திட்டம் அது. அதே பணியகம் குடியிருப்பு வீடுகளுக்கும் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை தரக் குறியீட்டை அறிமுகப்படுத்தியது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதற்கு முன்பே, 2018-இல், ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் பெயரில் வீட்டுக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு வெளியானது. குறியீட்டைப் பெறுகிறோமோ இல்லையோ, அதில் சொல்லப்பட்டுள்ள அளவுகள் வீடு கட்டும் எவருக்கும் பயன்படக்கூடியவை.

முதலில் கூரை. வெளிக்கும் உள்ளுக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால், ஒரு சதுர மீட்டர் கூரை வழியே 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் இறங்கக் கூடாது என்கிறது அத்தொகுப்பு. நாம் போடும் ஆறு அங்குல வெறும் கான்கிரீட் தளத்தில் இந்த அளவு 3-ஐத் தாண்டிவிடும். மாடி அறையில் இரவு பத்து மணிக்கும் மேற்தளம் அனலாய்த் தகிப்பதன் காரணம் இதுவே. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை ஓடுகளோ வெண்பூச்சோ பேருதவி புரியும். புதிதாகக் கட்டுவோர் தளத்தின்மேல் வெப்பத்தடுப்புப் பலகை பதித்து, அதன்மேல் ஓடு பாவுவது இன்னும் சிறந்தது. முகப்பு அலங்காரத்திற்கு வாரி இறைக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும் என்பது நம் கருத்து.

அடுத்தது சன்னல். நம் கடற்கரை ஊர்களைப் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில், திறக்கக்கூடிய சன்னல், கதவுப் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 120 சதுர அடி வீட்டிற்கு 20 சதுர அடி என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். இப்போது எங்கும் பொருத்தப்படும் நகரும் கண்ணாடிச் சன்னலில் பாதிதான் திறக்கும். ஆகவே கண்ணாடியின் அளவைப் பார்த்து ஏமாறக் கூடாது. பெண்கள் இருக்கும் வீடு என்பதால் அந்தப் பாதியையும் சாத்தி, திரையும் போட்டுவிடுகிறோம். காற்றையும் மறைவையும் ஒருங்கே தருவதற்குத் துளையிட்ட ஜாலிகளும் சாய்பலகைச் சன்னல்களும் உள்ளன. உயர்ந்த மச்சும், திறந்த முற்றமும், தடித்த சுண்ணாம்புச் சுவரும் கொண்ட பழைய வீடுகள் நம் ஊர்களில் இன்னும் நிற்கின்றன. அவற்றை இடிக்குமுன் ஒரு கோடைப் பகலை உள்ளே கழித்துப் பார்ப்பது நன்று.

கட்டிமுடித்த வீட்டில், வாடகை வீட்டில் வாழ்வோர் மின்விசிறியிலிருந்து தொடங்கலாம். பழைய வகை விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கும்; பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் அளவில் ஓடும். நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் முன்னது 72 யூனிட், பின்னது 29 யூனிட். நான்கு விசிறிகளை மாற்றினால் 170 யூனிட்டுக்கு மேல் குறையும். 500 யூனிட்டைத் தாண்டினால் சலுகைக் கட்டணத்தை இழக்கும் முறை நீண்டகாலமாகத் தமிழகத்தில் இருந்துவந்ததால், இந்தக் குறைவின் அருமை கட்டணச் சீட்டைக் கையில் வாங்கும் இல்லத்தரசிக்கு நன்கு தெரியும்.

ஏ.சி. வாங்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். சீட்டில் அச்சிட்டுள்ள ஆண்டு மின்செலவு 1600 மணி நேரத்திற்கு உரியது. இரவுதோறும் எட்டு மணி நேரம் ஓட்டுகிற வீட்டில் 200 நாட்களிலேயே அது தீர்ந்துவிடும். மேலும், நட்சத்திர அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுகிறது. சில ஆண்டுகளுக்கு முந்தைய ஐந்து நட்சத்திரம் இன்று ஐந்தாக இராது. எனவே சீட்டிலுள்ள ஆண்டையும் படியுங்கள். கோடையில் இரண்டு மாதம் மட்டும் ஓட்டுவோருக்கு மூன்று நட்சத்திரமே போதுமானதாக இருக்கலாம். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

உளூச் செய்யும் நீரிலும் வீண்விரயம் கூடாது என்று கற்ற சமுதாயம் நாம். நிக்காஹ் சீரில் ஃபிரிட்ஜ் கொடுப்பதே தேவையா என்பது தனி விவாதம். கொடுத்தே தீர்வோம் என்போர், இருவர் வாழப்போகும் வீட்டிற்கு இரட்டைக் கதவுப் பெட்டியை அனுப்பாதீர்கள். அதை வாங்கித் தருபவர் ஒருமுறை செலவழிக்கிறார்; மணமக்கள் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை, பதினைந்து ஆண்டுகள் செலுத்துவார்கள்.