பழைய டீசல் என்ஜினை நம்பலாமா?

கடலில் ஒரு கணக்கு - சாலையில் வேறு கணக்கு

வடசென்னையில் பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுவது டீசல் என்ஜின். காசிமேட்டில் விசைப்படகை ஓட்டுவது அதுதான். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரியை இழுப்பதும் அதுதான்.

"பழைய என்ஜின் ஏமாற்றாது" என்பார்கள் சிலர். "அதன் புகை ஆளைக் கொல்லும்" என்பார்கள் வேறு சிலர். எது சரி?

எண்ணூர் என்ஜின்

லாரி என்ஜினுக்கும் வடசென்னைக்கும் நெடுநாள் உறவு உண்டு. 1948-ம் ஆண்டு 'அசோக் மோட்டார்ஸ்' கம்பெனி தொடங்கப்பட்டது. எண்ணூர் தொழிற்சாலையில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. பிறகு இங்கிலாந்தின் லேலண்ட் கம்பெனியுடன் சேர்ந்தது. 1955-ல் 'அசோக் லேலண்ட்' ஆயிற்று. லாரிக்கு மட்டும் அல்ல, படகுக்கும் அந்தக் கம்பெனி என்ஜின் செய்கிறது.

ஏன் நம்புகிறார்கள்?

பெட்ரோல் என்ஜினுக்குத் தீப்பொறி வேண்டும். டீசல் என்ஜினுக்கு அது வேண்டாம். பிஸ்டன் காற்றை அழுத்துகிறது. காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அதில் டீசலைப் பீச்சினால், தானே பற்றிக் கொள்கிறது. ருடால்ப் டீசல் என்பவர் 1897-ல் ஜெர்மனியில் ஓட்டிக் காட்டிய முறை இது.

பழைய என்ஜினில், டீசல் பீச்சும் பம்பை என்ஜினே சுற்றுகிறது. கம்ப்யூட்டர் கிடையாது. ஓடத் தொடங்கிவிட்டால், பாட்டரி செத்தாலும் பொதுவாக நிற்காது. கோளாறு வந்தால், பெரும்பாலும் ஸ்பானரும் கைப்பழக்கமும் போதும்.

கரை தெரியாத கடலில் இது பெரிய பலம். அங்கே என்ஜின் நின்றால், காற்றும் நீரோட்டமும் படகை இழுத்துக் கொண்டு போய்விடும்.

லாரியின் கதை

2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி 'பி.எஸ்.6' விதி வந்தது. புதிய லாரியில் டீசலை அளந்து பீச்சுவது கம்ப்யூட்டர். புகையைச் சுத்தம் செய்யவும் கருவி உண்டு. ஒரு சென்சார் கெட்டால், சாலையோர மெக்கானிக் திணறுவார். சோதிக்கத் தனிக் கருவி வேண்டும். செலவும் அதிகம்.

அப்படியானால் பழைய லாரியே மேல் அல்லவா?

இல்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் அறிவித்தது. துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசையாக நிற்கும் சாலை ஓரத்தில் வீடுகள் இருக்கின்றன. குழந்தைகள் இருக்கிறார்கள். நின்றுபோன லாரிக்கு உதவி வந்து சேரும். கெட்டுப்போன நுரையீரலுக்குக் கடையில் 'ஸ்பேர்' கிடைக்காது.

61 நாள்

கடலிலும் பழைய என்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. உப்புநீர் குழாயை அரிக்கும். டீசலில் தண்ணீர் கலந்தால் பம்ப் கெடும். பில்டர் அடைத்தால் என்ஜின் மூச்சு முட்டும்.

புகையே நோயைச் சொல்லும். கறுப்புப் புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, குளிர்விக்கும் தண்ணீரும் குறைந்தால், சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடி தடைக்காலம். என்ஜினைப் பிரித்துப் பார்க்க அதுவே நேரம். அப்போது வீட்டில் வருமானம் இருக்காது. "போன வருஷம் ஓடியதே, இந்த வருஷமும் ஓடும்" என்று விட்டுவிடத் தோன்றும். கடலுக்குப் போகிறவர் பத்திரமாகத் திரும்ப வேண்டும். அந்தச் செலவைத் தள்ளிப் போடக்கூடாது.